வாட்ஸ் வேறு, வார்த்தை வேறு

அடுக்குமாடி வீட்டுக்கு அளவான செலவில் ஹோம் தியேட்டர் வாங்குவது எப்படி?

மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு போட்டிருந்தார்கள். "எழுதத் தெரியாதுங்க சார்" என்றேன். "தெரிஞ்சதை எழுதும்மா, போதும்" என்றார் எங்கள் துறை ஆசிரியர். எனக்குத் தெரிந்தது ஒரு விஷயம்தான். எங்கள் வீட்டு டி.வி.க்கு ஒரு சவுண்ட் செட் வாங்கப் போய், மூன்று வருடம் படித்த பாடத்தை ஒரே மாதத்தில் மறுபடியும் படித்தேன். அதையே எழுதுகிறேன். உங்களில் யாராவது இதே கடைவாசலில் போய் நிற்கும்போது பயன்படும் என்று நம்புகிறேன்.

பிரச்சினை எப்படி ஆரம்பித்தது?

என் அப்பா பள்ளிபாளையத்தில் இருபத்து நாலு வருடம் விசைத்தறி ஓட்டியவர். அம்மா தார் போடுவார். தறிப்பட்டறையை ஒட்டிய லைன் வீட்டில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். அங்கே எல்லார் வீட்டு டி.வி.யும் அலறும். தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே! யாரும் யாரையும் குறை சொன்னதில்லை.

போன வருடம் ஈரோட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடிக்கு வாடகைக்கு வந்தோம். தறி இல்லை. நிசப்தம். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் டி.வி. எவ்வளவு சத்தமாக ஓடுகிறது என்று. வால்யூம் எண் 60. அப்படியும் அப்பா, "ஏங்கண்ணு, இவனுங்க என்ன பேசறானுங்கன்னே வெளங்க மாட்டேங்குது. முணுமுணுங்கறானுங்க" என்பார். மறுபடி கூட்டுவார்.

ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்குக் கீழ்வீட்டு அக்கா மேலே வந்தார். "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. கொழந்தை தூங்க மாட்டேங்குதுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். அப்பாவுக்கு அது முழுசாகக் கேட்கவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். மறுநாளிலிருந்து டி.வி.யை ஊமையாக வைத்துவிட்டுப் படம் மட்டும் பார்க்க ஆரம்பித்தார். எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கறியே, இதுக்கு ஒரு வழி சொல்லு" என்றார் அம்மா. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் பல்பு எரியவில்லை என்றாலும், பாங்குப் படிவம் நிரப்ப வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் என் கணக்கில் வந்த ஆயிரம் ரூபாயில், ரெக்கார்டு நோட்டு, பரீட்சைக் கட்டணம் போக மிச்சமும், அம்மாவின் சீட்டுப் பணமும் சேர்ந்து பன்னிரண்டாயிரம் இருந்தது. அதுதான் நம் பட்ஜெட்.

பன்னிரண்டாயிரம் வாட்ஸ்!

முதலில் போன கடையில் எங்களை வரவேற்றது என் தோள் உயரத்துக்கு இரண்டு பெட்டிகள். கலர் கலராக லைட். அட்டையில் "12,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று கொட்டை எழுத்து. விலை எங்கள் பட்ஜெட்டுக்குள். ரூபாய்க்கு ஒரு வாட்ஸ்!

கடைக்காரர் ஒரு குத்துப்பாட்டைப் போட்டார். தரை அதிர்ந்தது. அப்பாவின் முகம் மலர்ந்தது. "நல்லா கேக்குது கண்ணு!" என்றார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "சார், பாப்பாவுக்கு என்னங்க தெரியும், நீங்க கேட்டுப் பாருங்க" என்று கடைக்காரர் அப்பா பக்கம் திரும்பிவிட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேசாமல் பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன்.

நண்பர்களே, எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். இதில் "230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 65 வாட்ஸ்" என்று இருந்தது. அதாவது, இந்த செட் கரண்ட்டிலிருந்து எடுப்பது 65 வாட்ஸ். 65 எடுத்து 12,000 கொடுக்க முடியுமா? ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம்.

இன்னொரு கணக்கும் போடலாம். 12,000 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் 52 ஆம்பியர். நம் வீட்டு டி.வி. பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர். உண்மையிலேயே 12,000 வாட்ஸ் ஓடினால் பாட்டு வராது, புகைதான் வரும்.

பி.எம்.பி.ஓ. என்பது கண் இமைக்கும் நேரத்துக்கு வரக்கூடும் என்று சொல்லப்படும் உச்சக் கணக்கு. அதை அளக்கப் பொதுவான விதி கிடையாது. ஆளாளுக்கு ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். நாம் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. அதிலும், எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் அளந்தது என்று கேளுங்கள். 10 சதவீதத்தில் அளந்த 40 வாட்ஸைவிட, 1 சதவீதத்தில் அளந்த 30 வாட்ஸ் நல்லது. ஸ்டிக்கரில் உள்ளது சராசரியாக ஓடும்போது எடுக்கும் அளவு. மின்தேக்கியில் சேமித்ததைக் கொண்டு சில கணங்களுக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க முடியும். ஆனால் 65 என்பது 12,000 ஆகாது!

நமக்கு எத்தனை வாட்ஸ் தேவை?

இது எல்லாரும் தப்பு செய்யும் இடம். 50 வாட்ஸுக்குப் பதில் 100 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்கா? இல்லை. 3 டெசிபல்தான் கூடும். கூர்ந்து கேட்டால் கொஞ்சம் கூடியது தெரியும், அவ்வளவே. நம் காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும்.

ஸ்பீக்கருக்கு சென்சிடிவிட்டி என்று ஒன்று உண்டு. ஒரு வாட்ஸ் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது அது. சாதாரண ஸ்பீக்கருக்கு 86 என்று வைத்துக்கொள்வோம். எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. டி.வி.யிலிருந்து அப்பா உட்காரும் கட்டிலுக்கு ஒன்பது அடி, அதாவது 2.7 மீட்டர். தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும் என்ற கணக்கில், அங்கே சுமார் 9 குறைந்து 77 ஆகும். வெறும் ஒரு வாட்ஸில் 77 டெசிபல்! ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதே 60 முதல் 65தான்.

படத்தில் திடீரென்று வெடிச்சத்தம், அலறல் வரும்போது சராசரியைவிட 20 டெசிபல் மேலே போகும். சராசரி 70 என்று வைத்தால் உச்சம் 90. அதற்கு இன்னும் 13 டெசிபல், அதாவது 20 வாட்ஸ். ஒரு சேனலுக்கு உண்மையான 20 வாட்ஸ் இருந்தால் எங்கள் ஹாலுக்குத் தாராளம். இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்கு வந்த தைரியத்தைச் சொல்லி முடியாது. கடைக்காரர் சொன்ன "பாப்பா" அன்றோடு போயிற்று.

சுவரைத் தாண்டுவது எது?

கீழ்வீட்டு அக்காவிடம் போய், "உங்க வீட்டுல எங்க டி.வி. எப்படிங்கக்கா கேக்குது?" என்று கேட்டேன். "பேச்செல்லாம் கேக்காது கண்ணு. தும்... தும்...னு மட்டும் வரும். நெஞ்சுல இடிக்கற மாதிரி இருக்கும்" என்றார்.

ஏன் அப்படி? ஒரே கனமுள்ள சுவர், உயர் அதிர்வெண் ஒலியை நன்றாகத் தடுக்கும். தாழ்ந்த அதிர்வெண்ணைத் தடுக்க அதற்கு வலு போதாது. அதிர்வெண் பாதியாகும்போது சுவரின் தடுக்கும் திறன் ஏறக்குறைய 6 டெசிபல் குறைகிறது. அதனால்தான் பக்கத்துத் தெரு கோயில் திருவிழாவில் பாட்டு வரி கேட்காது, டிரம் மட்டும் வந்து சேரும்.

இதோடு அறையின் சேட்டையும் சேர்ந்துகொள்ளும். ஒலியின் வேகத்தை அறையின் நீளத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால் வரும் அதிர்வெண்ணில் அறையே ஒத்ததிரும். 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர். பன்னிரண்டு அடி என்பது 3.66 மீட்டர். விடை சுமார் 48 ஹெர்ட்ஸ். பத்து அடிப் பக்கத்துக்கு 57 ஹெர்ட்ஸ். இரண்டும் சப்வூபர் வேலை செய்யும் எல்லைக்குள்ளேயே வருகின்றன. சப்வூபரை மூலையில் வைத்தால் இரண்டும் முழுசாகத் தூண்டப்பட்டு, 'கும்'மென்ற இரைச்சல் பேச்சை மூடிவிடும். சின்ன ஹாலில் பெரிய சப்வூபர் வாங்குவது பக்கத்து வீட்டுக்குக் காசு கொடுத்துச் சண்டை வாங்குவது போல.

சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல். ஆனால் எங்கள் குடியிருப்பில் சட்டத்தைவிட, கீழே தூங்கும் குழந்தைதான் பெரிய விதி.

உயிரும் மெய்யும்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

செட் வாங்குவதற்கு முன் அப்பாவின் காதைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. லீவு போட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். சின்ன அறையில் ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு அதிர்வெண்ணாகக் கொடுத்துச் சோதித்து, ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். ஆடியோகிராம். அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

எனக்கு அது உடனே புரிந்தது. மூன்றாம் செமஸ்டரில் ஆம்ப்ளிஃபயருக்கு நாம் போடும் ஃப்ரீக்வன்ஸி ரெஸ்பான்ஸ் கிராஃப்தான் அது! 500 ஹெர்ட்ஸில் 20, ஆயிரத்தில் 25, இரண்டாயிரத்தில் 45, நாலாயிரத்தில் 65 டெசிபல். போகப் போகப் பள்ளம். அதிகச் சத்தத்தில் வருடக்கணக்காக வேலை செய்தவர்களுக்கு முதலில் போவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரைதான் என்றார் டாக்டர். தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று நம் நாட்டில் வரம்பு உண்டு. அப்பா பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்தவர். காதில் பஞ்சுகூட வைத்ததில்லை.

தமிழில் உயிரெழுத்து, மெய்யெழுத்து என்று படிக்கிறோம். ஒலியிலும் அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. அ, ஆ, ஓ என்ற உயிரொலிகளில்தான் பலம் அதிகம். அவை பெரும்பாலும் ஆயிரம் ஹெர்ட்ஸைச் சுற்றியும் அதற்குக் கீழும் நிற்கும். க, ச, த, ப போன்ற வல்லின மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ஒலி மெலிசானது. அது பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும். மெய் போய்விட்டால் பணம், கணம், தனம் எல்லாம் ஒன்றுதான். சத்தம் கேட்கும், சொல் கேட்காது. அப்பா சொன்ன "முணுமுணுங்கறானுங்க" என்பதற்கு அர்த்தம் இதுதான். அவர் வால்யூமைக் கூட்டக் கூட்ட, ஏற்கெனவே கேட்கும் உயிர்தான் மேலும் உரக்கக் கேட்டது. மெய் எழவே இல்லை.

அந்தத் தாளை மடித்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது இன்னொன்றும் புரிந்தது. முதல் செமஸ்டரில் எல்லாப் பாடமும் பாஸ் என்று ஓடி வந்து சொன்னபோது அப்பா, "செரி கண்ணு" என்றார். பரிசு வாங்கியபோதும் "செரி கண்ணு". ஒருநாள் கோபத்தில், "நான் படிச்சா என்ன, படிக்காட்டி என்ன, உங்களுக்கு ஒன்னுமே இல்லீங்களா அப்பா?" என்று கத்தினேன். அதற்கும் "செரி கண்ணு" என்று சிரித்தார். என் படிப்பில் அவருக்கு அக்கறை இல்லை என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கேட்கவில்லை, நண்பர்களே. கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, எல்லாவற்றுக்கும் "செரி" சொல்லியிருக்கிறார்.

இப்போது இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்பாவுக்குத் தேவை 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது. அது சுவரைத் தாண்டாது. சுவரைத் தாண்டுவது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது. அது அப்பாவுக்குத் தேவையில்லை. இரண்டு பிரச்சினை என்று நினைத்தேன். விடை ஒன்றாக இருந்தது! பாஸைக் குறைத்து, பேச்சைத் தெளிவாக்கும் செட் எதுவோ, அதுதான் எங்கள் வீட்டு ஹோம் தியேட்டர்.

எந்த வகை வாங்கலாம்?

நம் ஊரில் எந்த சரவுண்ட் செட்டுக்கும் "டி.டி.எஸ்." என்றே பெயர். உண்மையில் அது 1993இல் ஜுராசிக் பார்க் படத்தோடு தியேட்டருக்கு வந்த ஒரு முறையின் பெயர். அதற்கு முந்தைய வருடம் பேட்மேன் ரிட்டர்ன்ஸ் படத்தோடு டால்பி டிஜிட்டல் வந்தது. இரண்டிலும் 5.1 உண்டு. முன்னால் இடம், நடு, வலம் மூன்று, பக்கவாட்டில் இரண்டு, தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூபர். இதில் வசனம் பெரும்பாலும் வருவது நடு ஸ்பீக்கரில். அதை நினைவில் வையுங்கள்.

5.1 செட்: முழு சரவுண்ட் வேண்டுமானால் இதுதான். ஆனால் பின் ஸ்பீக்கர் நமக்குப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ இருக்க வேண்டும். எங்கள் கட்டில் சுவரை ஒட்டி இருக்கிறது. பின்னால் இடமே இல்லை. வாடகை வீட்டில் ஆணி அடிக்கவும் விடமாட்டார்கள். குறைந்த விலை 5.1இல் ஆறு பெட்டிக்கும் காசு பங்கு போவதால் ஒவ்வொன்றும் மட்டமாகிவிடும்.

2.1 செட்: இரண்டு பெட்டி, ஒரு சப்வூபர். பாட்டுக்கு நன்று. விலையும் குறைவு. நடு ஸ்பீக்கர் இல்லாததால், நேர் நடுவில் உட்கார்ந்தால் மட்டும் வசனம் திரையிலிருந்து வருவது போல இருக்கும்.

உள்ளூரில் அசெம்பிள் செய்த செட்: நம்மைப் போன்றவர்களுக்கு ஆசையைத் தூண்டுவது. ரிப்பேர் எளிது. ஆனால் உள்ளே என்ன ஐ.சி. இருக்கிறது என்று கேளுங்கள். டி.டி.ஏ. 2030 ஐ.சி.யிலிருந்து பதினைந்து வாட்ஸ் அளவுக்குத்தான் எதிர்பார்க்கலாம். அதன் மேல் "500 வாட்ஸ்" என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்குச் செய்த ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் மாட்டினால் கரண்ட் இரட்டிக்கும், ஐ.சி. சூடாகிச் செத்துப்போகும். ஓம் விதி யாரையும் விடாது.

சவுண்ட் பார்: டி.வி.க்குக் கீழே வைக்கும் நீளப் பெட்டி. 2.0, 2.1, 3.1 என்று வரும். இதில் 3.1 என்றால் நடுவில் பேச்சுக்கென்று தனி ஸ்பீக்கர் உண்டு. சீரியல், நியூஸ் போன்றவை ஸ்டீரியோவில் வந்தாலும், இரு பக்கமும் பொதுவாக உள்ளதைப் பிரித்து நடுவுக்கு அனுப்பும் வசதி பலவற்றில் இருக்கிறது. தட்டை டி.வி.க்களில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்தபடி இருப்பதால், மெல்லிய மெய்யொலி சுவரில் பட்டுச் சிதறிவிடும். 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் எங்களுக்கு வந்த பழைய 14 அங்குலப் பெட்டியில் ஸ்பீக்கர் முன்பக்கமே இருந்தது. "அந்த டி.வி.ல நல்லா கேட்டுச்சு" என்று அப்பா சொன்னது சும்மா இல்லை!

நாங்கள் வாங்கியது சின்ன சப்வூபரோடு கூடிய ஒரு 3.1 பார். ஒன்பதாயிரத்துச் சொச்சம். "ஏம்புள்ள, இத்தனூண்டு இருக்குது, இதுல சத்தம் வருமா?" என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

கடைக்குப் போகும்போது

1. பென்டிரைவில் நீங்கள் தினம் கேட்பதை எடுத்துப் போங்கள். நான் ஒரு நியூஸ் வாசிப்பு, ஒரு வடிவேலு காமெடி, ஒரு பழைய பாட்டு கொண்டு போனேன். கடைக்காரர் போடும் பாட்டை நம்பாதீர்கள்.

2. குறைந்த வால்யூமில் கேட்டுப் பாருங்கள். சத்தமாக வைத்தால் எல்லா செட்டும் நன்றாகத்தான் இருக்கும். ராத்திரி பத்து மணி வால்யூமில் வசனம் புரிகிறதா என்பதே பரீட்சை.

3. யாருக்காக வாங்குகிறீர்களோ அவரையே உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள்.

4. சப்வூபருக்குத் தனி வால்யூம் உண்டா, பேச்சைத் தூக்கிக் காட்டும் வசதி, இரவு வசதி உண்டா என்று பாருங்கள். இரவு வசதி என்பது வெடிச்சத்தத்தை அமுக்கி, மெல்லிய பேச்சை உயர்த்தும்.

5. ஆர்.எம்.எஸ். எவ்வளவு? பின் ஸ்டிக்கரில் எவ்வளவு? சர்வீஸ் சென்டர் நம் ஊரில் உண்டா?

6. உங்கள் டி.வி.யின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போங்கள். எச்.டி.எம்.ஐ. துளையில் ஏ.ஆர்.சி. என்று எழுதியிருந்தால் அதுவே நல்லது. ஒரே ரிமோட்டில் வால்யூம் வேலை செய்யும். இல்லாவிட்டால் ஆப்டிகல். அதுவும் இல்லாவிட்டால் சாதாரண ஆக்ஸ் வயர்.

7. படம் பார்க்க ப்ளூடூத்தை நம்ப வேண்டாம். ஒலி நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தாமதமாக வரலாம். உதடு முன்னால் போகும், பேச்சு பின்னால் வரும். காது மந்தமானவர்கள் தங்களை அறியாமலே உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு இது பெரிய தொல்லை.

8. மாட்டிய பிறகு சத்தமே வரவில்லையா? பதற வேண்டாம். டி.வி.யின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட்டை பி.சி.எம். என்று மாற்றிப் பாருங்கள். எனக்கு இதற்கே ஒரு ராத்திரி போயிற்று.

வீட்டில் வைக்கும்போது

பாரை ஷோகேஸுக்குள் தள்ளாதீர்கள். விளிம்பு வரை முன்னால் இழுத்து, காது உயரத்தைப் பார்க்க வையுங்கள். சப்வூபரை மூலையிலிருந்து தள்ளி, தடித்த ரப்பர் மேட் மேல் வைத்தேன். தரை வழியாக இறங்கும் அதிர்வு கொஞ்சம் குறையும். காற்று வழியாகப் போகும் பாஸை மேட் தடுக்காது. அதற்கு வால்யூமைக் குறைப்பதுதான் மருந்து.

ஹாலில் நின்று ஒரு தடவை கையைத் தட்டுங்கள். 'டங்' என்று எதிரொலித்தால் பேச்சு குழம்பும். எங்கள் ஹால் டைல்ஸ் தரை, வெறும் சுவர். காது மந்தமானவருக்கு எதிரொலி இரட்டைத் தண்டனை. இதற்கென்று விலை உயர்ந்த ஃபோம் விற்கிறார்கள். நாங்கள் ஒரு பவானி ஜமக்காளத்தைத் தரையில் விரித்தோம். இன்னொன்றை எதிர்ச்சுவரில் ஏற்கெனவே இருந்த கம்பியில் தொங்கவிட்டோம். பாஸை அது உறிஞ்சாது. ஆனால் பேச்சைக் குழப்பும் எதிரொலி நன்றாகக் குறைந்தது. தறி ஓட்டிய குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒலியியல் சாதனம் கிடைக்குமா?

கடைசியாக பாஸை மிகக் குறைத்து, ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றி, பேச்சு வசதியைப் போட்டேன். வால்யூம் 18. கீழே போய் அக்கா வீட்டில் நின்று கேட்டேன். ஒன்றும் வரவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சவுண்ட் பார் காதுக்கு வைத்தியம் அல்ல. போன காது திரும்பாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். காதுக்கருவி வேண்டும். செட் வாங்கியதில் மிச்சமான இரண்டாயிரத்து எழுநூறை அதற்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது டி.வி.யைக் கூட்டிக்கொண்டே போனால், கடைக்குப் போவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம் ஒர்க் ஷாப்பிலும் கிரைண்டர் ஓடும்போது காதடைப்பான் போடுங்கள். "கூச்சமா இருக்குது" என்று சொல்லாதீர்கள்.

முடிவாக...

முன்பெல்லாம் காமெடி ஓடும்போது அப்பா எங்களைப் பார்ப்பார். நாங்கள் சிரித்ததும் அவரும் சிரிப்பார். அது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது, ஒருநாளும் யோசித்ததில்லை. செட் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை, பென்டிரைவில் இருந்த அதே வடிவேலு காமெடியைப் போட்டேன். அப்பா டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எங்களுக்கு முன்னால்!

அன்று ராத்திரி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு மெய்யெழுத்தையும் அழுத்தி, "அப்பா, அஞ்சாவது செமஸ்டர்லயும் எல்லாப் பாடமும் பாஸுங்க" என்றேன்.

அவர் "செரி கண்ணு" என்று சொல்லவில்லை. "எத்தனை மார்க்கு?" என்று கேட்டார்.